அக்காவுக்கு இரத்தம் ஊறிய கச்சான் காலம்

ஓர்ஸ் ஹில் பக்கம் அந்த நாளில் குடியிருந்தவர்கள் யாராவது இதை வாசிக்கக்கூடும். உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கந்தோர்க் குவாட்டர்ஸ் வரிசையின் மூலை வீட்டில் இருந்த நாங்கள் மட்டி தின்றோம். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில் தின்றோம். ஓடுகளைக் கொண்டுபோய் உள்துறைமுகக் கரையில் எறிந்தவள் நான்தான். உங்கள் வீட்டு நாய் வாயில் மட்டி ஓட்டோடு வந்து நின்று, இது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் குழம்பியிருந்தால், இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு மட்டியை ஹோட்டலில் வெள்ளைத் தட்டில் வைத்து, மேலே ஓர் இலையையும் குத்திக் கொடுக்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் சங்கதி தெரியும். அறக்குளா மீன் உத்தியோகத்தர் சாப்பாடு. மட்டி, களப்புச் சேற்றில் குனிந்து கிளறுகிற சனத்தின் சாப்பாடு. மீன் தின்றால் முள்ளைப் பூனை கொண்டுபோய்விடும். மட்டி தின்றால் ஓடு வளவுக்குள் குவிந்து கிடந்து ஊருக்கே சொல்லும். அதனால்தான் எங்கள் வரிசையில் ஒருவரும் தின்னவில்லை. அல்லது என்னைப் போல ஒரு பிள்ளை எல்லா வீட்டிலும் இருந்திருக்கிறது.

அப்பா துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, அதில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. நடந்தே போய், மத்தியானம் நடந்தே வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் நடந்து போவார். சாப்பிட்ட கையைக் கழுவியதும் தேத்தண்ணி கையில் இருக்கவேண்டும். அது அப்பாவின் சட்டமாகத் தொடங்கி வீட்டின் சட்டமாகிவிட்டது. காலைப் பாணுக்குப் பிறகு தேத்தண்ணி, சோற்றுக்குப் பிறகு தேத்தண்ணி, இரவு புட்டுக்குப் பிறகும் தேத்தண்ணி. பால் கிடையாது, கறுப்பாய், கசப்பாய், ஒரு கடி பனங்கட்டியோடு. அதற்கென்றே ஒரு கேத்தில் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டபோது வாங்கியது. அடியில் நங்கூரம் பொறித்திருக்கும். கொதிக்கும்போது மூடி தாளம் போடும். பிறகு வீடு மாறியபோது எங்கேயோ தவறிப்போய்விட்டது. இன்றைக்கும் யாராவது வீட்டில் நங்கூரக் கேத்தில் கண்டால் எனக்குச் சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். நிறமாக இருப்பாள். நிறம் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத நிறம். அப்பாவின் தமக்கை, எங்கள் பெரியமாமி, நாள்தவறாமல் வீட்டுக்கு வருகிறவர். வந்தால் அக்காவின் கன்னத்தைப் பிடித்து, "எங்கட பரம்பரையில இப்பிடி ஒரு வெள்ளை இல்லை. ராசாத்தி" என்பார். என் கன்னத்தை அவர் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. அக்காவின் நகம் வெள்ளை, உதடு வெள்ளை, கண்ணின் உள்ளிமையும் வெள்ளை. அதையெல்லாம் அழகென்று எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்தோம். பெரியவர்களின் கெட்டித்தனத்தைப் பாருங்கள்!

அந்த அழகி, சந்தியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறுகிற படிகளில் மூன்று இடத்தில் நிற்பாள். நின்று மூச்சு வாங்குவாள். "சோம்பேறி" என்று அப்பா சொல்வார். பச்சை அரிசியைப் பானையிலிருந்து அள்ளி மெல்லுவாள். பள்ளிக்கூடத்து வெண்கட்டியைக்கூட ஒளித்துவைத்துக் கடிப்பாள். பார்த்துவிட்ட எனக்குப் பாதி வெண்கட்டியை இலஞ்சமாகத் தந்திருக்கிறாள், நான் அதைக்கொண்டு கீறி விளையாடினேன். அம்மா கண்டால், "அரிசி திண்டா உன்ர கலியாணத்தண்டு மழைதான் கொட்டும்" என்று ஏசுவார். உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனால் சிலருக்கு அரிசி, மண், வெண்கட்டி என்று வாய் தேடும் என்று ஒருவரும் அறியவில்லை. அவள் உடம்பு கேட்டது ஒன்று, நாங்கள் திட்டியது இன்னொன்று. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் தாதிப் பயிற்சிக்குத் தெரிவாகிக் கடிதம் வந்தது. அக்கா அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை. ஒரே ஒரு வேலைதான் மிச்சம், ஆஸ்பத்திரியில் உடம்பைக் காட்டி, டொக்டரிடம் சான்றிதழ் வாங்கவேண்டும்.

இரத்தம் பார்க்கிறவர் அக்காவின் விரல் நுனியில் குத்தி, ஒரு துளியை உறிஞ்சி, அமிலம் இருந்த மெல்லிய குழாய் ஒன்றுக்குள் விட்டார், அது மண்ணிறமாய்க் கபிலமானது. பிறகு ஒவ்வொரு சொட்டாய்த் தண்ணீர் விட்டு, பக்கத்தில் இருந்த கபிலக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறமாகும்போது குழாயில் நிற்கிற இலக்கம்தான் இரத்தத்தின் அளவு. நல்ல இரத்தமென்றால் வெளுக்க வெகுநேரம் எடுக்கும், கனக்கச் சொட்டுப் பிடிக்கும். அக்காவின் இரத்தம் சில சொட்டிலேயே வெளுத்துப்போனது. ஏழரை.

டொக்டர் தெற்கிலிருந்து வந்தவர், நிதானமாகத் தமிழ் கதைப்பார். "இதோட நான் கையெழுத்து வைக்க ஏலாது. ஒரு நோயாளியத் தூக்கினா இந்தப் பிள்ளையும் சேர்ந்து விழும். மூணு மாசம் இருக்கு. பதினொண்டுக்குக் கொண்டுவாங்க" என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். இரும்புக் குளிசையும் கொடுத்தார். மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் போகாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

ஏழரை என்று கேட்டதும் பெரியமாமி சனீஸ்வரனுக்கு எள் எரிக்கப் போய்விட்டார். அப்பா பீட்ரூட் வாங்கினார். சிவப்பாக இருப்பது சிவப்பாகத்தானே மாறும் என்பது அவருடைய விஞ்ஞானம். பீட்ரூட் கறி, பீட்ரூட் சம்பல், பீட்ரூட் சாறு. ஒரு போத்தல் டொனிக், கொழும்பிலிருந்து வந்த முந்திரிகைப் பழம். குளிசையை அம்மா கடிகாரம் பார்த்துக் கொடுத்தார், மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகு. எதோடு கொடுத்தார் என்று கேளுங்கள். அதுதான் கையில் ரெடியாக இருக்கிறதே, சுடச்சுடத் தேத்தண்ணி. "குளிசை கசக்கும், இதோட விழுங்கு பிள்ளை."

மூன்று மாதத்தில் பாதி, ஆறு கிழமை, கழித்துத் திரும்பவும் விரலில் குத்தினார்கள். எட்டு.

அன்று பின்னேரம் அக்கா குசினிப் படியில் உட்கார்ந்து, மடி நிறைய அரிசியை வைத்து, ஒளிக்காமல் மென்றுகொண்டிருந்தாள். அழுகை எல்லாம் முடிந்துபோன முகம். "இடம் வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திடுவம் அம்மா. சும்மா ஏன் இழுப்பான்" என்றாள். அம்மா ஏசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் அந்தக் குரல் கேட்டது. "மட்டீ... மட்டீய்..."

அது கிண்ணியா ராத்தா, முஸ்லிம் அக்காவை அப்படித்தான் சொல்வோம். இரண்டு நாளைக்கொருமுறை கிண்ணியாத் துறையில் பாதை ஏறி, அந்தப் பலகை மிதவையில் இக்கரைக்கு வந்து, தலையில் கூடையோடு வீடுவீடாக விற்பவர். எங்கள் வரிசைக்கு வந்தால் கூவிக்கொண்டே நடையை எட்டிப் போடுவார், ஒருவரும் கூப்பிடமாட்டோம் என்று தெரியும். அம்மா எழும்பிப் படலையடிக்குப் போய், "ராத்தா, இஞ்ச வாங்கோ" என்றார்.

ராத்தா கூடையை இறக்கவில்லை, நம்பவில்லை. "என்ன தங்கச்சி, வழி கேக்கவா கூப்பிட்டீங்க?"

"ஓடோட வேணும். உடைச்சது வேண்டாம். உயிர் மட்டியாப் பாத்துத் தாங்கோ."

ராத்தா கூடையை இறக்கி, அம்மாவின் கை மட்டியைப் பொறுக்குகிற விதத்தைப் பார்த்தார். இரண்டிரண்டாய்த் தட்டி, வாய் மூடுகிறதை எடுத்து, திறந்தே கிடக்கிறதைத் தள்ளுகிற கை. "உம்மா! நீங்க எந்த ஊர் புள்ள?" என்றார்.

"மூதூருக்கு அங்கால. களப்புக்கரை."

எனக்கு இன்றைக்கும் அந்தப் பதில் காதில் இருக்கிறது. அம்மா பிறந்த ஊரைப் பற்றி எங்கள் வீட்டில் கதை வராது. லோஞ்சில் குடா கடந்து போகவேண்டிய ஊர். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், அவர் வீட்டிலிருந்து ஒரு கடகம் மட்டி வந்ததாம். பெரியமாமி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதெல்லாம் சேத்துச் சனம் தின்னிறது" என்றாராம். அன்றோடு அம்மா விட்டுவிட்டார். இருபது வருடம் அறக்குளாவே சமைத்தார்.

மட்டியை ஒரு வாளி உப்புத் தண்ணீரில் போட்டார். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாய் வாயைத் திறந்து மண்ணைத் துப்பத் தொடங்கின. ஒன்று என் கண்ணுக்குள்ளேயே பீச்சியது. பிறகு அவித்து, கஞ்சிபோல வெளுத்த அந்தத் தண்ணீரைத் துணியில் வடித்து, மிளகும் தேசிக்காய் பிழிந்த புளியும் விட்டு அக்காவுக்குக் கொடுத்தார். சதையை முருங்கையிலையோடு சேர்த்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினார். அதற்கும் தேசிக்காய்ப் புளி. வீடு முழுக்கக் கடல் மணந்தது, நான் மூன்று தரம் சோறு வாங்கினேன்.

"எங்கட ஊரில பிள்ளை பெத்தவளுக்குத் துடக்குக் கழிஞ்சதும் இந்தத் தண்ணிதான் முதல்ல. போன ரெத்தம் திரும்ப வரும் எண்டு" என்றார் அம்மா. பிறகு கேத்திலைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். "மட்டி திண்ட வயித்தில தேத்தண்ணி படக்கூடாது. வயிறு கல்லாப் போகும். குளிசையையும் தேசிக்காய்த் தண்ணியோட விழுங்கு."

அது அவருடைய ஊர் வழக்கம். மட்டி சமைத்தால் அன்று முழுவதும் அடுப்பில் தேயிலை ஏறாது. எங்கள் வீட்டில் மட்டி இல்லாத நாளே இல்லை என்றானபடியால், கேத்தில் இறங்கவே இல்லை. ராத்தா வராத நாளுக்காக மட்டியை அவித்து வெயிலில் காயவைத்தார். அதோடு கௌபி, பயறு, கீரை, கிழமைக்கொருமுறை ஈரல். எல்லாம் சந்தையில் கிடக்கிற சாமான்தான். மத்தியானம் அப்பாவுக்கு வழக்கமான மீன் கறி. அவர் திரும்பிக் கந்தோருக்குப் போனபிறகுதான் அம்மா எங்களுக்கு இலை போடுவார். அப்பா முதல் நாளே கேட்டார், "கேத்தில் எங்க?"

"ஓட்டை. ஒட்டக் குடுத்திருக்கு" என்றார் அம்மா, முகத்தில் ஒரு சலனமில்லாமல். பொய் சொன்னால் பல்லை உடைப்பேன் என்று எங்களை வளர்த்த அதே அம்மா. அப்பா தலையிடியோடு கந்தோருக்குப் போய், அங்கே குடித்துச் சமாளித்தார்.

ஓடு என் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகும்போது பன் புல்லில் பின்னிய பைக்குள் போட்டுக் கரையில் கொட்டிவிட்டுப் போவேன். கச்சான் காற்று முகத்தில் மணலை அடிக்கும். தூரத்தில் கப்பல்கள் நிற்கும். யாராவது பார்த்தால் சிப்பி பொறுக்குகிறவளைப் போல் குனிந்து நடிப்பேன். ஒரு கிழமை நன்றாக ஓடியது. எட்டாம் நாள் ஒரு சனிக்கிழமை, படலையில் பெரியமாமி எதிர்ப்பட்டார். "பள்ளிக்கூடமில்லாத நாளில என்ன பிள்ளை பை? குடு பாப்பம், இவ்வளவு பாரம்..." என்று வாங்கித் திறந்தார்.

அப்பா மத்தியானம் வந்தபோது பெரியமாமி விறாந்தையில் மட்டி ஓட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, உன்ர வீட்டில என்ன தின்னினம் எண்டு பார்."

அப்பா ஓட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அலுமாரிக்கு மேலேயும் பார்த்தார், கேத்தில் ஓட்டையில்லாமல் அங்கே இருந்தது. "என்னப்பா இது? நாலு சனம் கண்டா என்ன கதைக்கும்?"

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அந்த நாலு சனமும் என்ர பிள்ளைக்கு ரெத்தம் குடுக்குமோ? குடுக்கும் எண்டால் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் மட்டியை விடுறன். என்ர ஊர்ச் சாப்பாட்டை இருவது வருசம் இந்த வீட்டுக்காக விட்டனான். என்ர பிள்ளையின்ர இடத்தை விடமாட்டன்."

பெரியமாமி வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா கதவடியில் வந்து நின்றாள். "அப்பா, நான் நேற்றுப் படியில நிக்காம ஏறினனான்" என்றாள்.

அப்பா உள்ளே போனார். கை கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். மீன் கறியோடு சாப்பிட்டார். எழும்பினார். கேத்திலைக் கேட்கவில்லை, அதன்பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். போன வருடம் என் மகள் பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்தபோது கிளினிக்கில் கூடப் போய் இருந்தேன். அங்கே மருத்துவமாது அத்தனை தாய்மாரையும் இருத்திச் சொன்னார்: "இரும்புக் குளிசையோட தேத்தண்ணி குடியாதேங்கோ. சாப்பாட்டோடயும் வேண்டாம், ஒரு மணித்தியாலம் போகட்டும். தேயிலை இரும்பை உடம்பில சேர விடாது. தேசிக்காய், தோடம்பழம் எண்டால் சேர்க்கும்." வயிறு கல்லாகும் என்று அம்மாவின் ஊரார் சொன்ன காரணம் பிழைதான். செய்தது அச்சொட்டாகச் சரி. முதல் ஆறு கிழமை நாங்கள் ஒரு கையால் இரும்பைக் கொடுத்து, மறு கையால் கேத்திலைச் சரித்து அதைத் தடுத்துக்கொண்டிருந்தோம். குளிசைக்கும் பங்குண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் அந்தக் குளிசைக்கு வழிவிட்டவர் அம்மா. அங்கேயே எழும்பி, "இதை என்ர அம்மா எப்பவோ செய்தவ" என்று சொன்னேன். மகள் வெட்கப்பட்டாள். படட்டும்.

கிழமைகள் போகப் போக அக்கா மாறினாள். முதலில் அரிசிப் பானையை மறந்தாள். பிறகு உதட்டில் நிறம் வந்தது. பிறகு என்னைத் துரத்திப் பிடித்துக் குட்டத் தொடங்கினாள், அதுதான் எனக்கு நட்டம். பெரியமாமி கன்னத்தைப் பிடித்துப் பார்த்து, "ஐயோ, பிள்ளை கறுத்துப்போச்சு!" என்று தலையில் கைவைத்தார். "கறுக்கட்டும் மச்சாள். கறுக்கக் கறுக்க எனக்குச் சந்தோசம்" என்றார் அம்மா.

கடைசி நாள் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் பார்க்கிறவர் துளியைக் குழாய்க்குள் விட்டார். தண்ணீர் ஒரு சொட்டு. இன்னும் கபிலம். இன்னொரு சொட்டு. ஏழரையைத் தாண்டியது, எட்டைத் தாண்டியது. பத்து. அம்மாவின் கை என் தோளை நெரித்தது. இரத்தம் பார்க்கிறவர் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தார், தலையை ஆட்டினார், திரும்பவும் ஒரு சொட்டு விட்டார். இன்னும் ஒரு சொட்டு. பிறகுதான் நிறம் ஒத்தது. "பதினொண்டே கால்" என்றார்.

டொக்டர் முடிவெழுதிய துண்டைப் பார்த்தார், அக்காவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "நல்லா இருக்கு. எந்த டொனிக் குடுத்தீங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். வெளியே வரிசையில் ஆட்கள். "டொனிக்கும்... பீட்ரூட்டும்..."

"மட்டி, டொக்டர்" என்றாள் அக்கா. "அம்மா அவிச்சுத் தந்தவ."

டொக்டர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப நிப்பாட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார். அக்கா அந்தக் கடதாசியை இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் பிறகு எத்தனையோ வார்டுகளை ஆண்டு, மேற்றனாக ஓய்வு பெற்றாள்.

திரும்பி வரும்போது அப்பா எங்களுக்கு முன்னால் நடந்தார். பீட்ரூட் என்று சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. சந்தையடிக்கு வந்ததும் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது தோளில் ஒரு சாக்கு. சாக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் அந்த வெள்ளைச் சட்டையில் வடிந்து, காற்சட்டை வழியாக இறங்கியது. "என்னப்பா, நான் கொண்டு வாறன்" என்று அம்மா கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. பட்டப்பகலில், பெரிய றோட்டால், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறினார்.

எங்கள் வரிசை தொடங்குகிற இடத்தில் கந்தோரின் பெரிய கிளாக்கர் மனைவியோடு படலையில் நின்றார். அப்பாவின் சட்டையைப் பார்த்துத் திகைத்துப்போய், "என்ன ஐயா, சாக்கில?" என்று கேட்டார்.

அப்பா நின்றார். சாக்கை இறக்கி அதன் வாயைத் திறந்தே காட்டினார்.

"மட்டி. என்ர மனுசியின்ர ஊர்ச் சாப்பாடு. மகளுக்குப் பதினொண்டே கால் ரெத்தம், கையெழுத்து வைச்சாச்சு. பின்னேரம் ரெண்டு பேரும் வாங்கோ, இவ சமைப்பா."